நரம்பு என்றால் என்ன? நம் உடம்பின் செய்திக் கம்பிகளும் ஐந்து புலன்களும்



நம் மக்கள் வாயில் 'நரம்பு' என்ற சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு. குதிகாலுக்கு மேலே கயிறு போல் விறைத்து நிற்பதும் நரம்பு. இடுப்பு பிடித்துக் கொண்டால் 'நரம்பு ஏறிக்கிச்சு'. கை நடுங்கினால் 'நரம்புத் தளர்ச்சி'. "டிரஸ்ஸரய்யா, ஒரு நரம்பு ஊசி போட்டு விடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உண்மையில் இவை மூன்று வெவ்வேறு பொருள்கள். பச்சையாகத் தெரிவது இரத்தக் குழாய். கயிறு போல் இருப்பது தசைநாண். தசையை எலும்போடு சேர்த்துக் கட்டி வைப்பது அதுதான். மூன்றாவதுதான் நிஜமான நரம்பு. அது வெள்ளை நூல் போல உடம்புக்குள்ளே ஓடுகிறது. வெளியே கண்ணுக்குத் தெரியாது. அதன் வேலை இரத்தம் கொண்டு போவதல்ல, செய்தி கொண்டு போவது.

இந்த வித்தியாசம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று சிலர் கேட்கலாம். கை, கால், கண், காது, சில வேளை உயிரே இதில் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

மூளை: தலைமை அலுவலகம்

தோட்டத்துக்கு ஓர் அலுவலகம் இருப்பது போல உடம்புக்கு மூளை. வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடை. உடம்பின் மொத்த எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் உயிர்க்காற்றில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவழித்து விடுகிறது. அதனால்தான் மூளைக்கு இரத்தம் போவது சில நிமிடம் நின்றாலும் கெடுதி வந்து விடுகிறது.

மூளையில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. மேலே பெருமூளை: சிந்திப்பது, பேசுவது, பார்ப்பது, கை கால் அசைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பின்புறம் கீழே சிறுமூளை: உடம்பு தள்ளாடாமல் சமநிலையில் வைப்பது. காண்டாவில் இரண்டு பக்கமும் பால் வாளியை மாட்டிக் கொண்டு, ஓடையின் மேல் போட்ட ஒற்றைப் பலகையில் சிந்தாமல் நடந்தோமே, அது சிறுமூளை செய்த வேலை. குடித்தவன் தள்ளாடுவதும் சாராயம் சிறுமூளையைக் கெடுப்பதால்தான். அதற்கும் கீழே மூளைத்தண்டு: மூச்சும் இதயத் துடிப்பும் நாம் தூங்கும்போதும் நடக்கப் பார்த்துக் கொள்வது இதுதான்.

ஒரு விசேஷம் என்னவென்றால், இடப்பக்க மூளை வலப்பக்க உடம்பை ஆள்கிறது. வலப்பக்க மூளை இடப்பக்க உடம்பை ஆள்கிறது. எனவே ஒருவருக்கு வலது கை விழுந்து விட்டது என்றால் கோளாறு கையில் இல்லை. மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கைக்கு எண்ணெய் போட்டு உருவி விடுவதில் பயனில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

தண்டுவடம்: பெரிய ரோடு

மூளையிலிருந்து முதுகெலும்புக்குள்ளே இறங்கும் வடம்தான் தண்டுவடம். சுண்டு விரல் பருமன், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. தண்டுவடத்திலிருந்து கிளைக்கும் நரம்புகள் 31 ஜோடி. பெரிய ரோட்டிலிருந்து ஒவ்வொரு நிரைக்கும் பாதை பிரிவது போல, இவை பிரிந்து பிரிந்து கால் கட்டை விரல் நுனி வரை போய்ச் சேருகின்றன.

தண்டுவடம் சில சமயம் அலுவலகத்தைக் கேட்காமலே முடிவெடுக்கும். சூடான சட்டியில் கை பட்டால், 'சுடுகிறது' என்று மூளை உணர்வதற்கு முன்பே கை பின்வாங்கி விடுகிறது. கங்காணி துரையைக் கேட்டுக் கொண்டிருந்தால் தீ பரவி விடும் என்று தானே அணைப்பது மாதிரி. இதைத்தான் அனிச்சைச் செயல் என்கிறோம்.

தோழர்களே, இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்பனைக் குலையோ ஓலை மட்டையோ கழுத்தில் விழுந்தாலும், மேட்டிலிருந்து உருண்டு விழுந்தாலும், முதுகெலும்பு உடைந்திருக்கலாம். ஆனால் உள்ளே தண்டுவடம் இன்னும் முழுதாக இருக்கலாம். நாம் பதற்றத்தில் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கும்போது, உடைந்த எலும்பு வடத்தை அறுத்து விடும். அறுந்த தண்டுவடம் திரும்ப ஒட்டாது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் அறுந்தால் கைகால் போகும்; இன்னும் மேலே என்றால் மூச்சே நின்று விடும்.

ஆகவே அப்படி விழுந்தவரை அசைக்காதீர்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக் கொள்ளட்டும். "எழுந்து உட்காருப்பா" என்று சொல்லாதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். இன்னொருவர் 999க்குத் தகவல் கொடுக்கட்டும். அந்த இடத்தில் வேறு ஆபத்து இருந்து நகர்த்தித்தான் தீர வேண்டும் என்றால், தலை, கழுத்து, முதுகு, இடுப்பு நான்கும் ஒரே கோட்டில் இருக்கும்படி எல்லோரும் சேர்ந்து ஒரே சமயத்தில் பலகைக்கு மாற்ற வேண்டும்.

செய்தி எப்படிப் போகிறது?

நரம்பணு என்ற நுண்ணிய செல்களால் ஆனது நரம்பு மண்டலம். மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நரம்பணுவிலும் மெல்லிய மின்சாரம் போல ஒரு துடிப்பு ஓடுகிறது. வேகமான நரம்புகளில் அது விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும். ஆறாத வலியைக் கொண்டு வரும் சில நரம்புகளில் விநாடிக்கு ஒரு மீட்டர்தான். கால் விரல் கல்லில் இடித்தவுடன் 'இடித்து விட்டது' என்று உடனே தெரிகிறது. உயிர் போகும் வலி ஒரு விநாடி கழித்துத்தான் வருகிறது. காரணம் இதுதான்: இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் புறப்பட்டன, ஒன்று மோட்டார் சைக்கிளில் வந்தது, மற்றது நடந்து வந்தது.

ஒரு நரம்பணு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறு இடைவெளி உண்டு. நரம்பு தசையைத் தொடும் இடத்திலும் உண்டு. அங்கே மின்துடிப்பு தாண்டாது. நரம்பின் நுனியில் ஒரு ரசாயனச் சொட்டு வெளிவந்து செய்தியை அக்கரைக்குக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட ரசாயனங்களில் ஒன்றின் பெயர் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க இன்னொரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் கோலின்எஸ்டரேஸ். கரும்பலகையில் எழுதியதை அழித்தால்தானே அடுத்ததை எழுத முடியும்? அந்த அழிப்பான்தான் இது.

மருந்தடிக்கும் தாய்மார்கள் கவனிக்க

பூச்சி கொல்லும் மருந்துகளில் ஒரு கூட்டம் இந்த அழிப்பானைத்தான் முடக்குகிறது. மாலத்தியான், குளோர்பைரிபோஸ், செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவுக்காக மரத்தண்டில் துளையிட்டுச் செலுத்தப்பட்ட மெத்தமிடோபோஸ் போன்றவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

அழிப்பான் முடங்கினால் செய்தி நிற்காமல் போய்க் கொண்டே இருக்கும். அதனால் என்ன ஆகும்? வாயில் எச்சில் ஊறும், கண்ணீர் வழியும், வியர்த்துக் கொட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அடக்க முடியாமல் சிறுநீர். கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி, பார்வை மங்கும். தசைகள் துள்ளும். நெஞ்சு அடைக்கும். கடைசியில் மூச்சு விடும் தசை ஓய்ந்து விடும். இது குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வரும். நனைந்த சட்டையோடு மதியம் வரை நின்றாலே போதும்.

செய்ய வேண்டியது: ஆளை உடனே அந்த இடத்தை விட்டு அப்புறப்படுத்துங்கள். உதவுகிறவர் கையுறை போட்டுக் கொள்ள வேண்டும். நனைந்த துணிகளைக் கழற்றி, உடம்பையும் தலைமயிரையும் சவர்க்காரம் போட்டு 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். மருந்துப் போத்தலின் லேபிளைக் கட்டாயம் கூடவே அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் என்ன மருந்து உள்ளே போனது என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாகக் கொடுக்க முடியும். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தையும் டாக்டர்கள் கலந்து கொள்வார்கள்.

பாராகுவாட் வேறு வகை. அது களைக்கொல்லி; நுரையீரலைக் கருக்குவது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. பழைய போத்தல் எங்காவது மூலையில் கிடந்தால் வீட்டில் வைத்துக் கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கோலின்எஸ்டரேஸ் அளவை இரத்தத்தில் பரிசோதிக்க முடியும். தொடர்ந்து பூச்சி மருந்தில் வேலை செய்பவர்கள் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். கையுறை, முகமூடி, பூட்ஸ் கொடுப்பது முதலாளி செய்யும் தருமம் அல்ல. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அவர் கடமை.

ஐந்து புலன்கள்: ஐந்து வாசல்கள்

வெளியே நடப்பது மூளைக்குத் தெரிய ஐந்து வாசல்கள் உண்டு. வாசலில் நிற்பது கண்ணும் காதும்தான். ஆனால் பார்ப்பதும் கேட்பதும் மூளை.

கண்: வெளிச்சம் கருமணி வழியாக நுழைந்து பின்னால் விழித்திரையில் விழுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் ஒன்றாகச் சேர்ந்த பார்வை நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டு போகிறது. மெத்தனால் என்ற விஷச் சாராயம் இந்த நரம்பைத்தான் முதலில் தின்னும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். மலிவுச் சம்சு குடித்த மறுநாள் 'கண்ணுக்கு முன்னால் பனி மூட்டமாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், போதை தெளியவில்லை என்று படுக்க வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

காது: உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு குழாய் உண்டு. அதனுள்ளே ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள். சத்தம் வரும்போது காற்றில் லாலான் புல் சாய்வது போல இவை அசைந்து நரம்புக்குச் செய்தி கொடுக்கின்றன. ஆலையின் இரைச்சலும் புல்வெட்டும் மெஷினின் சத்தமும் நாள்தோறும் அடித்தால் இந்த மயிரணுக்கள் செத்து விடும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது நம் நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை. கருவி இல்லாமல் கணிக்க ஒரு வழி: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால், சத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது. காதடைப்பான் போடுங்கள்.

மூக்கும் நாக்கும்: இரண்டும் கூட்டாளிகள். சளி பிடித்தால் மீன் குழம்பும் வெந்நீர் மாதிரி இருப்பது ஏன்? ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணம். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் படம் போட்டிருந்தார்கள். அது சரியல்ல என்று இப்போது தெளிவாகி விட்டது. எல்லா ருசியும் நாக்கு முழுவதும் தெரியும்.

தோல்: தொடுதல், சூடு, குளிர், வலி எல்லாம் தோலின் வேலை. வலியை நாம் எதிரியாக நினைக்கிறோம். அது காவல்காரன். இனிப்புநீர் வியாதிக்காரர்களுக்கு இரத்தத்தில் சீனி கூடிக் கூடி, நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது. அதனால்தான் முதலில் பாதம் மரத்துப் போகிறது. காவல்காரன் தூங்கி விட்டான். செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது. செம்பனை முள் குத்தியது தெரியாது. வெந்நீரில் வெந்தாலும் தெரியாது. புண் சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அப்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்து விடுகிறது. "வலி இல்லீங்களே, அதான் வரல" என்று இவர்கள் சொல்வார்கள். வலி இல்லாததுதான் வியாதி என்பதை அவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை: அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டு விரல் ஆகிய ஆறையும் ஒவ்வொன்றாக, உங்கள் விரல் நுனியால் இலேசாக ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உடனே கிளினிக்கில் காலைக் காட்ட வேண்டும். தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது பேரன் பேத்திகளின் வேலையாக இருக்கட்டும்.

கத்தி வெட்டினால்

இப்போது மரம் சீவும் கத்திக்கு வருவோம். விரலிலோ மணிக்கட்டிலோ வெட்டுப் பட்டால் நம்மவர்கள் கோப்பித்தூளையும் புகையிலையையும் வைத்துக் கட்டி விடுகிறார்கள். இரத்தம் நிற்கும். ஆனால் நரம்பு அறுந்ததா என்று யார் பார்த்தது?

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு இரண்டைப் பாருங்கள். ஒன்று: காயம் பட்டவர் கண்ணை மூடிக் கொள்ள, ஒவ்வொரு விரல் நுனியிலும் இரு பக்கமும் பேனா முனையால் இலேசாகத் தொடுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு நரம்பு, ஆதலால் இரு பக்கமும் பார்ப்பது அவசியம். இரண்டு: விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், மடக்கச் சொல்லுங்கள், பெருவிரலால் சுண்டு விரலைத் தொடச் சொல்லுங்கள். எங்காவது மரத்திருந்தால் நரம்பு, அசையவில்லை என்றால் நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காரணம் உண்டு. தண்டுவடம் போல் அல்லாமல், கைகால் நரம்பு திரும்ப வளரக் கூடியது. ஆனால் அறுந்த இரு முனையையும் டாக்டர் சேர்த்துத் தைத்தால்தான் வழி தெரிந்து வளரும். வளரும் வேகம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 18 சென்டிமீட்டர் என்றால், அதாவது 180 மில்லிமீட்டர் என்றால், ஏறக்குறைய ஆறு மாதம். ஆகவே தையல் போட்ட இரண்டாம் மாதத்தில் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று மனம் விட்டு விடாதீர்கள். பயிற்சியை விடாமல் செய்யுங்கள். அதுவரை மரத்த விரலை அடுப்பிலிருந்தும் கத்தியிலிருந்தும் காத்துக் கொள்ளுங்கள்.

வேலையில் நடந்த காயத்தை, சிறிதோ பெரிதோ, அன்றே கங்காணியிடமும் அலுவலகத்திலும் பதிந்து விடுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைச் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். பதியாத காயத்துக்குப் பிறகு நியாயம் கேட்பது கஷ்டம்.

பக்கவாதம்

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வருவது பக்கவாதம். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் 999. அடைப்பைக் கரைக்கும் ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் அது தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதற்கு முன் தலையைப் படம் பிடித்தும் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக் கொள்ளுங்கள். விரல் நுனியைக் குத்தி இரத்தம் எடுப்பது, எண்ணெய் உருவுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்த நாலரை மணி நேரத்தைத் திருடும் வேலைகள்.

அப்படியானால் நரம்பு ஊசி?

அது பெரும்பாலும் பி வைட்டமின் ஊசி. உடம்பில் பி12 குறைந்தவர்களுக்கு அது நல்ல மருந்து: நெடுங்காலம் சுத்த சைவமாக இருப்பவர்கள், இனிப்புநீருக்கு மெட்பார்மின் மாத்திரை பல ஆண்டு சாப்பிடுபவர்கள் போன்றோர். மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கு பி1 குறையும். குறைவு இல்லாதவருக்கு அந்த ஊசியால் இலாபம் ஊசி போட்டவருக்கு மட்டும்தான். எனவே முதலில் என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசியைப் பிறகு கேட்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை

ஒரு தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும் போடுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டு வாருங்கள். ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில் புள்ளி மறைந்து போகும்! பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் விழித்திரை இல்லை. அங்கே எல்லோரும் குருடர்தான். ஏன் சாதாரணமாக நமக்கு அது தெரிவதில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துக் கொள்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். அடுத்த இதழில் இதயத்தைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.